'ப்ரிகோஷஸ்' என்று எழுதியது திட்டா, பாராட்டா?

ஏழரை வயதுப் பெண் குழந்தையின் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகள் இரண்டாம் வகுப்பு. அரையாண்டு அறிக்கையில் ஆசிரியை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். 'இவள் ஒரு ப்ரிகோஷஸ் குழந்தை, பேச்சிலும் வாசிப்பிலும் வகுப்பில் மற்றவர்களைவிட நன்றாகவே முந்தி இருக்கிறாள்' என்பது முதல் வரி. 'தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறாள்' என்பது இரண்டாவது. முதல் வரியிலேயே அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடினால் கைபேசித் திரையில் முதலில் வந்தது 'ப்ரிகோஷஸ் ப்யூபர்ட்டி', அதாவது காலத்துக்கு முந்திய பூப்பு. ஓர் அகராதியைப் புரட்டினால் 'பிஞ்சிலே பழுத்த' என்று இருந்தது. மாமியார் ஏற்கெனவே பேத்தியைப் பற்றி அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பவர். "பள்ளிக்கூடத்திலும் அப்படியே எழுதிவிட்டார்களே என்று இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் உடம்பை உற்று உற்றுப் பார்க்கிறேன். 'ஏம்மா இப்படிப் பார்க்கிறே?' என்று அவளே கேட்டுவிட்டாள்" என்கிறார்.

மகள் செய்தித்தாளை வரி விடாமல் வாசிக்கிறாள். பெரியவர்கள் பேச்சில் புகுந்து திருத்துகிறாள். இரவில் விளக்கை அணைத்த பிறகு, "அப்பா செத்துட்டா நாம எங்கே இருப்போம்?" என்று கேட்கிறாள். அதே பெண், பாம்பு ஏணி விளையாட்டில் 98-ஆம் கட்டத்தில் பாம்பு கடித்து இறங்கியதும் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். சமீப காலமாக அவளிடம் வேர்வை வாடை அடிக்கிறது என்றும், ஒரே வருடத்தில் உடுப்பெல்லாம் சிறியதாகிவிட்டது என்றும் ஓரிடத்தில் வருகிறது. இன்னோர் இடத்தில், "வீட்டுக் கடன், மாமியார் சண்டை எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்லி அழுவேன். பெரிய மனுஷி மாதிரி கேட்டுக்கொள்வாள்" என்று இருக்கிறது. அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு, மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். அவனைப் பற்றிக் கடிதத்தில் அந்த ஒரு வரிதான்.

கேள்விகள் நான்கு. அந்தச் சொல் அவமானமா? அதை நீக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்கலாமா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? கணவர் ஆசைப்படுவதுபோல் அவளை ஒரு வகுப்பு தாண்டிப் போடச் சொல்லி, டபுள் புரமோஷன் கேட்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சாப்பிடுங்கள். ஆசிரியை உங்கள் மகளைத் திட்டவில்லை. உடம்பைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் தேடியது ஒரு சொல்லை. கிடைத்ததோ அதன் இரண்டு ஓரங்கள்: ஒன்று மருத்துவப் புத்தகத்தில் இருப்பது, இன்னொன்று திண்ணைப் பேச்சில் இருப்பது. ஆசிரியை எழுதிய பொருள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ப்ரிகோஷஸ் என்பது 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல். அதன் லத்தீன் மூலத்துக்கு 'முன்னதாகவே பழுத்தது' என்று பொருள். முதலில் அது பூவுக்கும் பழத்துக்கும்தான் சொல்லப்பட்டது. பருவத்துக்கு முன்னால் பூக்கும் செடி, சீக்கிரம் காய்க்கும் மரம் ஆகியவற்றைத் தாவரவியலிலும் தோட்டக்கலையிலும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆப்ரிகாட் பழத்தின் பெயருக்கும் மூலம் இதே லத்தீன் சொல்தான், அது சீக்கிரம் பழுக்கிற பழம் என்பதால். பிறகுதான் குழந்தைகளுக்கு வந்தது. ஏதோ ஒரு திறமை, வழக்கமாக வரும் வயதுக்கு முன்பே வந்துவிட்ட குழந்தையை ப்ரிகோஷஸ் என்பார்கள். நாற்பது வயதுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

அப்படியானால் அகராதியில் 'பிஞ்சிலே பழுத்த' என்று போட்டது தவறா? மூலத்தைப் பார்த்தால் அச்சு அசலாக அதுவேதான். ஆனால் தமிழில் அந்தத் தொடருக்கு ஒரு கறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் நீளம், தெரியக் கூடாததைத் தெரிந்து வைத்திருப்பது, அடக்கம் இல்லாமை எல்லாம் அதற்குள் வந்துவிடும். 'வெம்பிப் போச்சு' என்று அதோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. இதே குணத்தை மெச்ச நினைத்தால் நாமே 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோம். எட்டயபுரத்தில் 11 வயதுப் பையனுக்குப் பாரதி என்று பட்டம் கொடுத்தபோது யாரும் அவனைப் பிஞ்சிலே பழுத்தவன் என்று சொல்லவில்லை. திட்டுவதற்கு ஒரு பழமொழி, மெச்சுவதற்கு ஒரு பழமொழி என்று நம்மிடம் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே சொல் செய்கிறது. அதனால்தான் குழப்பம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆங்கிலத்திலும் சில வாய்களில் அந்தச் சொல் லேசாக முகம் சுளிக்கும். பெரியவர்களை மடக்கிப் பேசும் குழந்தையைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி 'ப்ரிகோஷஸ்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. வாசிப்பு, சொல்வளம், கணக்கு, இசை என்று ஒரு திறமையோடு சேர்ந்து வந்தால் பாராட்டு. நடத்தை, வாய், போக்கு என்று வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் மகளின் அறிக்கையில் அடுத்த சொற்களே பேச்சும் வாசிப்பும்தான்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன். மெச்சூர் என்றால் முற்றியது, உரிய காலத்தில் முழுமையானது. காப்பீட்டுப் பாலிசி மெச்சூர் ஆகிறது என்கிறோமே, அது. ப்ரீமெச்சூர் என்றால் காலத்துக்கு முன்னால் வந்தது, இன்னும் தயாராகாதது. 37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தை ப்ரீமெச்சூர். ப்ரிகோஷஸ் என்பதும் காலத்துக்கு முன்னால் வந்ததுதான், ஆனால் வந்தது வேலை செய்கிறது. உங்கள் மகள் நிஜமாகவே செய்தித்தாள் வாசிக்கிறாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் முந்திவிட்டாள் என்று மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. எல்லாவற்றிலும் அவள் பெரியவள் ஆகிவிட்டாள் என்று சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த பகுதி அந்தச் சொல் அல்ல. கவலை தந்தது எது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளியில் என்ன கேட்பது

சொல்லை நீக்கச் சொல்ல வேண்டாம். நீக்கச் சொன்னால் ஆசிரியை குழம்பிப் போவார். பாராட்டி எழுதியதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவருக்குப் புரியாது. அதற்குப் பதிலாக நேரில் போய் உட்கார்ந்து, "இப்படி எழுதியிருக்கிறீர்கள், எதைப் பார்த்து எழுதினீர்கள், ஒன்றிரண்டு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குழந்தையைப் பற்றி எழுதியதை உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தயங்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது வரியைப் பற்றியும் கேளுங்கள். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, ஆனால் ஆசிரியைக்கு உங்கள் உதவி தேவைப்படுவது அதில்தான் என்று நினைக்கிறேன். விடை தெரிந்த குழந்தைக்கு, தெரியாத குழந்தை யோசிக்கும் அந்த அரை நிமிடம் பெரிய தண்டனை. சலிப்பினால் குறுக்கே விழுகிறாளா, இல்லை எந்த வேலையிலும் கவனம் நிற்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிடித்த புத்தகத்தோடு அரை மணி நேரம் அசையாமல் உட்காருகிறாள் என்றால் சலிப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. கவனக் குறைபாடு என்று சந்தேகப்படுவதற்கே, அந்த அறிகுறிகள் வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில், 6 மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும்.

வாசிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசித்ததைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்கிறாளா, அதைப் பற்றி உங்களோடு மாற்றி மாற்றிப் பேசுகிறாளா? ஆம் என்றால் கவலை இல்லை. எழுத்துக் கூட்டி அருவி மாதிரி வாசிக்கும், ஆனால் அர்த்தம் பிடிபடாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு வளர்ச்சி மதிப்பீடு செய்வது நல்லது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகள் அந்த ரகம் இல்லை. அவள் வாசித்துவிட்டு வாதம் செய்கிறவள்.

உடம்பைப் பற்றி

ஆசிரியை எழுதியதற்கும் உடம்புக்கும் சம்பந்தம் இல்லை. புத்தி முந்தினால் உடம்பும் முந்தும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களுக்காக, அறிக்கை வந்திருக்காவிட்டாலும் ஒரு முறை குழந்தை நல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம்.

மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு வரையறை உண்டு. பெண் குழந்தைகளுக்கு 8 வயதுக்கு முன்பும், பையன்களுக்கு 9 வயதுக்கு முன்பும் பூப்பின் அறிகுறி தொடங்கினால் அது காலத்துக்கு முந்தியது. பலரும் முதல் மாதவிடாயைத்தான் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். அது கடைசிக் கட்டம். பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் முதலில் தெரிவது மார்புக் காம்புக்கு அடியில் ஒரு சிறு கட்டி, தொட்டால் வலிக்கும், ஒரு பக்கம் மட்டும்கூட முதலில் வரலாம். அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்துத்தான் மாதவிடாய் வரும்.

வேர்வை வாடை வேறு கதை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி விழித்துக்கொள்ளும்போது வாடை, எண்ணெய்ப் பசை, சில சமயம் அங்கங்கே முடி எல்லாம் வரும். சினைப்பை விழிப்பது தனி, இது தனி. இது கொஞ்சம் முன்னாலேயே வருவது பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் 8 வயதுக்கு முன் வாடையும் வேகமான வளர்ச்சியும் ஒன்றாக வந்தால் ஒரு தடவை பார்த்துவிடுவதுதான் சரி. இந்த வயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வது சாதாரணம். 'உடுப்பு சிறியதாகிவிட்டது' என்பதை வைத்து மருத்துவர்களாகிய எங்களால் எதையும் சொல்ல முடியாது, உயரக் கணக்கு வேண்டும். தடுப்பூசி அட்டை, பள்ளி மருத்துவப் பரிசோதனைச் சீட்டு என்று எதிலெல்லாம் அவள் உயரம் எழுதியிருக்கிறதோ அதையெல்லாம் தேடி எடுத்துப் போங்கள். மருத்துவர் தேவைப்பட்டால் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். எலும்பின் வயது அதில் தெரியும். நீங்களாகவே ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அந்த எண்களை இணையத்தில் தேட வேண்டாம். ஒரு சொல்லைத் தேடியதற்கே இந்தப் பாடு.

ஒருவேளை உண்மையிலேயே பூப்பு முந்தியிருந்தால்கூட, அதற்கு வழி இருக்கிறது. இதில் நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது உயரத்தை. ஹார்மோன் முதலில் குழந்தையைக் கிடுகிடுவென வளர்த்துவிடும், பிறகு எலும்பின் வளரும் முனைகளைச் சீக்கிரம் மூடிவிடும். வகுப்பிலேயே உயரமாக இருந்த பெண் கடைசியில் குள்ளமாக நின்றுவிடக்கூடும். பெண் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தனியாகக் காரணம் எதுவும் அகப்படாது. பையன்களிடம் காரணம் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களை இன்னும் கவனமாகப் பார்ப்போம். தேவைப்படும் குழந்தைகளுக்கு மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போட்டுப் பூப்பை நிறுத்தி வைக்கலாம். ஊசியை நிறுத்தியதும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அதுவரை உற்று உற்றுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். "உன் உடம்பில் ஏதாவது வலித்தாலோ புதிதாக ஏதாவது தெரிந்தாலோ அம்மாவிடம் சொல்" என்று ஒரு தடவை சொன்னால் அவளுக்குப் புரியும். மருத்துவர் அறையில் நீங்கள் கூடவே இருங்கள். தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் மருத்துவர் அவளிடமே கேட்கட்டும்.

ஏழரை வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே ஆளிடம்

செய்தித்தாள் வாசிப்பவள் பாம்பு ஏணிப் பலகையைத் தூக்கி எறிவாளா என்று நீங்கள் ஆச்சரியப்படுகிறீர்கள். "இவ்வளவு விவரம் தெரிந்தவள், இதுகூடவா புரியாது?" என்று அவளைக் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்குப் புரியும். அது வெறும் விளையாட்டு என்று உங்களுக்கே பாடம் எடுப்பாள். ஆனால் தோற்றவுடன் நெஞ்சில் வருகிற அந்த ஆத்திரத்தைப் பிடித்து நிறுத்துவது வேறு வேலை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி செய்யும் வேலை அது. அந்தப் பகுதி முழுதாக முற்ற 20 வயதைத் தாண்டிவிடும். சொல்வளம் 12 வயதுக்குரியதாக இருக்கலாம். தோல்வியைத் தாங்கும் பலம் 7 வயதுக்குரியதுதான், சில நாள் 5 வயதுக்குரியது. திறமை முந்திய குழந்தைகளிடம் இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் நிற்பது வழக்கமாகவே பார்ப்பதுதான். ஆக, அவள் கட்டிலுக்கு அடியில் போனால் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வாதம் செய்யாதீர்கள், வாதத்தில் அவள் ஜெயித்துவிடுவாள்.

சீக்கிரம் பழுத்தால் சீக்கிரம் அழுகிவிடும் என்ற பயம் மேற்கிலும் இருந்தது. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் கலிஃபோர்னியாவில் மிக அதிக ஐ.க்யூ. உள்ள குழந்தைகள் சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். பெரும்பாலானவர்கள் ஆரோக்கியமாகவும் சாதாரணமாகவும் வளர்ந்தார்கள். (அந்தத் தேர்வில் தேறாமல் போன இரண்டு பையன்கள் பின்னால் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். முந்தாத குழந்தையின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் அல்லவா, அவர்களுக்காகச் சொல்கிறேன்.) மறுபக்கம், ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 3 வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கியவர். 20 வயதில் மனம் ஒடிந்து, தன் உணர்ச்சிகளை யாரும் வளர்க்கவில்லை என்று பிறகு தானே எழுதினார். அவரை முடக்கியது கிரேக்கம் அல்ல. மற்ற எதற்கும் இடம் இல்லாமல் போனதுதான்.

இரவில் கேட்கும் சாவுக் கேள்விக்கும் இதே கதைதான். செத்தவர் திரும்பி வர மாட்டார், எல்லாருக்கும் அது உண்டு என்பது இந்த வயதை ஒட்டித்தான் குழந்தைகளுக்குப் பிடிபடுகிறது. உங்கள் மகள் அதை நல்ல வாக்கியத்தில் கேட்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். கேள்வி பெரியவர் கேட்பது போல இருக்கிறதே என்று பெரியவருக்குச் சொல்லும் பதிலைச் சொல்லாதீர்கள். காப்பீடு, வீட்டுப் பத்திரம் எல்லாம் வேண்டாம். "அப்பா நல்லா இருக்கார். என்ன ஆனாலும் உன்னைப் பார்த்துக்க நாங்க எல்லாரும் இருக்கோம்." இதோடு நிறுத்துங்கள். மேலே கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில்.

நீங்கள் அவளிடம் அழுவது

இங்கேதான் வர நினைத்தேன். கடன், சண்டை எல்லாவற்றையும் அவளிடம் சொல்வதை நீங்கள் ஒரு குறையாக எழுதவில்லை, பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அவளுக்கு வார்த்தைகள் புரிகின்றன. பாரம் தாங்காது. கடன் என்று கேட்ட குழந்தை அதை அடைக்க வழி தெரியாமல் இரவில் விழித்திருக்கும். அப்பா செத்தால் எங்கே இருப்போம் என்ற கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று நினைக்கிறீர்கள்? நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் இங்கேதான் தேடுவேன்.

வீட்டுப் பெரியவர்களின் துணையாகக் குழந்தை மாறிப்போவதை உளவியலில் ஒரு தனிப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். வெளியே பார்த்தால் அப்படிப்பட்ட குழந்தை தங்கமாக இருக்கும். பொறுப்பு, பொறுமை, அம்மாவின் முகத்தைப் பார்த்தே மனதைப் படிக்கும் சாமர்த்தியம் எல்லாம் இருக்கும். தனக்கு எது வேண்டும் என்று கேட்க மட்டும் அதற்குத் தெரியாமல் போய்விடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 'நீ உன் வயதுக்கு ரொம்ப மெச்சூர், அதனால்தான் உன்கிட்ட மட்டும் சொல்றேன்' என்ற வாக்கியத்தைத் தப்பான எண்ணம் உள்ள பெரியவர்கள், பதின்வயதை நெருங்கும் பிள்ளைகளிடம் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களின் ரகசியத்தைச் சுமப்பது பெருமை என்று வீட்டிலேயே பழகிய குழந்தைக்கு அந்தத் தூண்டில் தூண்டிலாகத் தெரியாது. அதனால் இப்போதே ஒரு விதி வையுங்கள்: எந்தப் பெரியவரும் குழந்தையிடம் ரகசியம் காக்கச் சொல்லக் கூடாது, சொன்னால் அம்மாவிடம் வந்து சொல்லிவிட வேண்டும். விதி முதலில் உங்களுக்குத்தான் பொருந்தும்.

அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். தோழியோ, அக்காவோ, ஆலோசகரோ, அந்த ஆள் உங்கள் வயதை ஒட்டியவராக இருக்கட்டும். மகளிடம் "சில நாளா உன்கிட்ட பெரியவங்க விஷயமெல்லாம் சொல்லிட்டேன். அதை அப்பாவும் நானும் பார்த்துக்குவோம், நீ யோசிக்க வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிடலாம். அவள் ஏமாற்றப்பட்டதுபோல் முறைப்பாள். பதவி பறிபோகிறதல்லவா? பரவாயில்லை.

மாமியாரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அவரோடு சொல்லின் பொருளைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை. குழந்தையின் காதுபட அதைச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் கணவர் அவர் அம்மாவிடம் சொல்வதுதான் முறை.

அறிக்கையை மகள் கட்டாயம் வாசித்திருப்பாள். அர்த்தம் கேட்டால், "சில விஷயம் உனக்குச் சீக்கிரமாக வந்துவிட்டது, சில விஷயம் இன்னும் வர வேண்டியிருக்கிறது" என்று சொல்லுங்கள். 'நீ மேதை' என்று சொல்லாதீர்கள். புத்திசாலி என்று மட்டும் புகழப்பட்ட குழந்தைகள் ஒருமுறை தோற்றதும் கஷ்டமான வேலையைத் தொடத் தயங்குவதையும், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்து முயல்வதையும் 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாம்பு கடித்துப் பலகையை எறிபவளுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

டபுள் புரமோஷன்

உங்கள் கணவரின் ஆசை தவறானது அல்ல. வகுப்புத் தாண்டிய குழந்தைகள் படிப்பில் பின்தங்குவதில்லை, பழகுவதிலும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 'சின்னப் பெண்ணைப் பெரிய பிள்ளைகளோடு போட்டால் கெட்டுவிடும்' என்ற பயத்துக்குப் பெரிய ஆதாரம் கிடையாது. ஆனால் பொதுவாக நல்லது என்பது உங்கள் மகளுக்கு நல்லது என்று ஆகிவிடாது. அவள் முந்தியிருப்பது மொழியில். கணக்கில் எப்படி? கையெழுத்து? பெரிய வகுப்பில் எழுதும் வேலை கூடும். வாய் முந்தி கை பின்தங்கிய குழந்தைகள் அங்கே திணறுவார்கள். மொழிப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைப்பது, இருக்கும் வகுப்பிலேயே கூடுதல் புத்தகம் கொடுப்பது என்று நடுவழிகளும் உண்டு. அதைப் பள்ளியில் முதலில் கேளுங்கள். உடல் பரிசோதனை முடியும்வரை எந்த முடிவும் வேண்டாம். அவளுக்கே இஷ்டம் இல்லை என்றால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் கணவர் இதை யோசித்தாரா தெரியவில்லை. இப்போதே ஒரு வகுப்பு தாண்டினால் அவள் போய் உட்காரப்போவது அவள் அண்ணனின் வகுப்பில். அண்ணனோ அக்காவோ படிக்கும் அதே வகுப்புக்குத் தம்பி தங்கையைத் தூக்கிப் போடுவதை, வகுப்பு தாண்டலை ஆதரிக்கும் நிபுணர்களே வேண்டாம் என்கிறார்கள். தினமும் ஒரே கரும்பலகைக்கு முன்னால் தங்கை முதலில் கை தூக்குவாள். அவன் எட்டு, ஒன்பது வயதுப் பையன், வீட்டில் நடக்கும் இந்தப் பேச்செல்லாம் அவன் காதிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும். பள்ளிக்குப் போய்ப் பேசுவதற்கு முன்னால், அவனைத் தனியாக அழைத்து, அவன் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். தங்கை பேச்சை எடுக்காமல் கேளுங்கள்.